அப்பாவுக்குக் காமாலை வந்த வருஷம்

நம் வயதில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் பையிலிருந்து வெளியே வருவது ஸ்கேன் ரிப்போர்ட்தான். போன முறை நாம் கூடியபோது ஒருவர் கண்புரையைப் பற்றிச் சொன்னீர்கள், இன்னொருவர் முழங்காலைப் பற்றி. அன்றைக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது. பித்தப்பையில் கல். சின்னதுதான், இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, குடும்பத்தில் யாருக்காவது இருந்திருக்கிறதா என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். அவர் அதைத் தட்டச்சு செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான்தான் போகவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வருஷத்துக் கோடையையே நினைத்துக்கொண்டு வந்தேன். உங்களுக்கும் அந்தக் காலம் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாவதுக்குப் போக வேண்டியவள். இண்டூரில் பஸ் போகும் சாலையை ஒட்டி அப்பாவின் தையல் கடை. கடை என்றால் ஒரு அறை, அதற்குப் பின்னால் எங்கள் வீடு. இரண்டு மிஷின். ஒன்றில் அப்பா தைப்பார், இன்னொன்றில் அம்மா ஓரம் அடிப்பாள். பட்டன் கட்டுவது என் வேலை. தம்பிக்கு நான்கு வயது, அவன் வேலை பாபினை உருட்டி விளையாடுவது.

வைகாசி வந்துவிட்டால் எங்களுக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் காலம். காக்கி அரை டவுசர், வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. கஞ்சி போட்ட புதுத் துணி வாசனையும், மிஷின் எண்ணெய் வாசனையும், கரி போட்ட இஸ்திரிப் பெட்டி சூடேறும்போது வரும் வாசனையும் சேர்ந்து அறை முழுக்க நிற்கும். வெட்டி விழுந்த துண்டுத் துணியின் மேல்தான் நானும் தம்பியும் மத்தியானம் படுப்போம். சுற்றுவட்டத்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் கடைக்கு வந்து கையைத் தூக்கி நின்று அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்பா அளவை எழுத மாட்டார். மனசிலேயே வைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் முதலில் வந்தது அரிப்பு.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கியது. அப்பா தைத்துக்கொண்டே இருப்பார், திடீரென்று மிஷினை நிறுத்திவிட்டு உள்ளங்கையை மேஜை விளிம்பில் தேய்ப்பார். பிறகு முதுகு. மரத்தில் ஒரு அடி ஸ்கேல் ஒன்று இருந்தது, இஞ்ச் கோடுகளில் கறுப்பு மை தேய்ந்து போனது. அதைச் சட்டைக்குள் விட்டுச் சொறிவார். அதன் முனையில் சில நாள் ரத்தம் இருக்கும். உடம்பில் ஒரு கொப்புளம் கிடையாது, தடிப்பு கிடையாது. வெறும் அரிப்பு. அம்மா முதலில் புதுத் துணியின் கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பிறகு சிரங்கு என்று முடிவு செய்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தலையைத் தவிர உடம்பு முழுக்கப் பூசினாள். அப்பாவுக்குத் தனிப் பாய், தனித் துண்டு. தம்பியை அவர் மடியில் உட்கார விடவில்லை.

இப்போது யோசித்தால் அந்த மஞ்சள்தான் எங்களை ஏமாற்றியது. தினமும் மஞ்சள் பூசிக் குளித்தவரின் தோல் மஞ்சளாக இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? கிட்டத்தட்ட இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலை பள்ளிக்கூடத்து வாத்தியார் தன் பையனுக்கு அளவு கொடுக்க வந்தார். அப்பா வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பி நூல் கோத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் கிட்டே வந்து அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணில் மஞ்சள் பூச முடியாதே. காமாலை என்று அவர்தான் சொன்னார்.

அப்புறம் நம் ஊர்களில் நடப்பதெல்லாம் நடந்தது. உப்பு இல்லாத சாப்பாடு. காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்து மோரில். அது கேட்கவில்லை என்றதும் பென்னாகரம் ரோட்டில் ஒரு வைத்தியரிடம் போனார்கள். அவர் பச்சிலை கொடுத்தார், இடது கை மணிக்கட்டுக்கு மேலே சூடும் வைத்தார். அப்பா வாயைத் திறக்கவில்லை, கால் விரல்கள் மட்டும் மடங்கின என்று அம்மா வந்து சொன்னாள். அந்தத் தழும்பு, நாலணா அளவு, கடைசி வரை அவர் கையில் இருந்தது.

காமாலை இறங்கவில்லை. மஞ்சளில் கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி ஆனது. சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனதால் வேட்டி, பனியன் எல்லாம் கறையாகி, அம்மா தனியாக வேக வைத்துத் துவைத்தாள். மூன்றாம் முறை போனபோது வைத்தியர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, என் மருந்து இத்தனை நாளில் கேட்காமல் போனதே இல்லை, உன் புருஷன் பத்தியம் காக்கவில்லை, சரக்கு உள்ளே போகிறது என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது ஊருக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியாது. ஆனால் வந்துவிட்டது. அப்பா அதுவரை குடித்ததாக யாரும் சொன்னதில்லை. அது ஒரு தடையாக இல்லை. திருட்டுத்தனமாகக் குடிப்பவன்தான் மோசம் என்று பேசினார்கள்.

இதில் என் பங்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஊருக்கு மேற்கே ஒரு கரடு, சின்னக் குன்று. பாறையும் சீத்தாச் செடியுமாக இருக்கும். அதன் அடியில் ஒரு ஆள் சாராயம் காய்ச்சுகிறார் என்பது எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கும் தெரியும். காலைக்கடனுக்கு ஆண்கள் எல்லாரும் ஏரிப் பக்கம் போவார்கள், அப்பாவும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். காமாலை வந்த பிறகு அவர் மட்டும் தனியாகக் கரட்டுப் பக்கம் போகத் தொடங்கினார். அம்மா அதைக் கவனித்துவிட்டாள். ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டு, அப்பா எங்கே போகிறார் என்று பார்த்துவிட்டு வா, அவருக்குத் தெரியக்கூடாது என்றாள்.

போனேன். எனக்கு அது ஒரு விளையாட்டாகவும் இருந்தது. சீத்தாச் செடிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தூரத்தில் சாராயக்காரர் தன் கொட்டகை முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தார், எழுந்தார். எழுந்தவர் போகாமல், தரையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்.

புட்டி கிட்டி ஒளித்து வைத்திருப்பாரோ என்று அவர் போன பிறகு அங்கே போனேன். புட்டி இல்லை. மண் சரியாக மூடாத இடத்தில் அவர் மலம்தான் தெரிந்தது. அது வெள்ளையாக இருந்தது. துணியில் கோடு போடும் சாக்கட்டியைத் தண்ணீரில் குழைத்த மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். கரட்டுப் பக்கம்தான் போனார் என்றேன். அந்த ஆள் அங்கே இருந்தானா என்றாள். இருந்தார் என்றேன். இரண்டுமே உண்மை. அவள் கேட்டது அவ்வளவுதான். அந்த வெள்ளையைப் பற்றி அவள் கேட்கவில்லை. அப்பாவுடையதைப் போய்ப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கும் வெட்கமாக இருந்தது.

அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். ஒங்கப்பாவச் சோறு திங்கச் சொல்லு, ஒங்கப்பாவ அந்தக் கத்தரியக் குடுக்கச் சொல்லு என்று எல்லாம் என் வழியாகப் போனது. ஒரே அறையில் இரண்டு மிஷின்களும் மாறி மாறி ஓடும். நடுவில் நான் பட்டனும் ஊசியுமாக உட்கார்ந்திருப்பேன். நான்கைந்து நாளில் பெண்கள் அளவு கொடுக்க வருவது நின்றது. கொடுத்த துணியை வெட்டாமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சிலர் ஆள் அனுப்பினார்கள். வெட்டியதையும் ஒருவர் வாங்கிப் போனார், கையும் காலருமாகத் தனித்தனியாக.

பொம்மிடியிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து மத்தியானம் வரை பேசினார். தங்கச்சியின் வாழ்க்கை, பிள்ளைகள், குலம், மானம் எல்லாவற்றையும் பேசினார். அப்பா தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டே இருந்தார். அதுவரை யார் கேட்டாலும், இல்லவே இல்லை, பிள்ளைகள் மேல் சத்தியம் என்று மறுத்துக்கொண்டிருந்தவர்தான். மாமா கடைசியில் எழுந்து நின்று கேட்டார்.

“ஒரே வார்த்த சொல்லு மாப்ள. குடிக்கிறியா, இல்லியா?”

அப்பா தைத்து முடித்த சட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். வெள்ளைத் துணியில் ஈறு ரத்தம் ஒரு பொட்டு பட்டது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நீங்க என்னா நெனக்கிறீங்களோ அதயே வச்சிக்கங்க.”

ஒத்துக்கொண்டுவிட்டார் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். நானும்.

மறுநாள் அம்மா தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். தம்பியையும் என்னையும் கூட்டிக்கொண்டு பொம்மிடிக்குப் போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. மாமா பஸ் பார்க்கச் சாலையில் நின்றார். நான் பெட்டியோடு கடை வாசலுக்கு வந்தபோது சுகாதார நிலையத்து நர்சம்மா தன் ஜாக்கெட்டை வாங்கிப் போக வந்தார். வெளியூர்க்காரர். ஊர்ப் பேச்சு அவர் காதுக்கு வரவில்லையோ, வந்தும் பொருட்படுத்தவில்லையோ.

அப்பா ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. துணி சிவப்பாக நனைந்து, சொட்டியது. நர்சம்மா ஜாக்கெட்டைப் பார்க்காமல் விரலைப் பார்த்தார். எப்போது பட்டது என்றார். காலையில் ஊசி ஏறிவிட்டது என்றார் அப்பா. அப்போது மணி பன்னிரண்டுக்கு மேல்.

நர்சம்மா அவரை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து உட்கார வைத்தார். கீழ் இமையை விலக்கிப் பார்த்தார். கைகளில் இருந்த கீறல்களைப் பார்த்தார். எத்தனை நாளாக அரிப்பு, சிறுநீர் என்ன நிறம், வலது பக்க விலாவுக்குக் கீழே வலி உண்டா என்று கேட்டார். அப்பா ஒவ்வொன்றுக்கும் சின்னதாகப் பதில் சொன்னார். வெளிக்குப் போவது என்ன நிறம் என்று கேட்டபோது மட்டும் வாயை மூடிக்கொண்டார். நர்சம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குத் தெரியாது.

“வெள்ளையா இருக்குங்க,” என்றேன். “சாக்கட்டி மாதிரி.”

அப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். கோபம் இல்லை அது. பிடிபட்டவர் முகம்.

நர்சம்மா அம்மாவிடம்தான் பேசினார். கல்லீரலில் ஊறும் பித்தம் ஒரு குழாய் வழியாகக் குடலுக்கு வர வேண்டும், அது வந்தால்தான் மலத்துக்கு நிறம். வரும் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது. போக வழி இல்லாமல் ரத்தத்தில் ஏறுகிறது, அதனால்தான் மஞ்சள், அதனால்தான் அரிப்பு. ரத்தம் உறையாமல் போவதும் அதனால்தான்.

“குடிச்சி வர்றது இல்லீங்களா இது?” என்று கேட்டாள் அம்மா.

“குடிச்சாலும் காமாலை வரும்மா. இது வழி அடைச்ச காமாலை. பச்சிலையில தொறக்காது. எங்கயோ கெளம்பி நிக்கிறீங்க போல. அதே பெட்டியத் தூக்கிக்கிட்டுச் சேலத்துக்குக் கெளம்புங்க. நாளைக்கின்னு வைக்காதீங்க.”

பொம்மிடிக்குக் கட்டிய பெட்டி சேலம் போனது. தம்பியை மாமா கூட்டிப் போனார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆஸ்பத்திரிப் போர்டுகளைப் படித்துச் சொல்ல நான் கூடப் போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே அறுக்கவில்லை. ரத்தம் உறைய ஊசி போட்டார்கள். அந்த நாட்களில் குளிர்க் காய்ச்சல் வந்து அப்பா கட்டிலோடு ஆடினார். இரண்டு போர்வை போட்டு நான் அவர் காலைப் பிடித்துக்கொள்வேன். அம்மா பேசாமல்தான் இருந்தாள், ஆனால் பேசாத விதம் வேறாக இருந்தது. தண்ணீரை என்னிடம் கொடுத்துக் கொடுக்கச் சொல்லாமல் அவளே நீட்டினாள்.

அறுவை நடந்த அன்று அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் நகரச் சொன்னால் நகர்ந்து, மறுபடி அதே படிக்கு வந்து உட்கார்ந்தாள். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வந்து, பித்தக் குழாயில் மூன்று கல் இருந்தது, எடுத்தாயிற்று என்றார். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். புளியங்கொட்டை நிறம், ஒன்று புளியங்கொட்டை அளவேதான். ஊரிலிருந்து வந்த மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே போய் இரண்டு இளநீர் வாங்கி வந்தார். அந்தக் குப்பி பல வருஷம் மிஷின் இழுப்பறையில் கிடந்தது. வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது.

வயிற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலுக்குப் போனது. அதில் நல்லெண்ணெய் நிறத்தில் பித்தம் இறங்கும். அம்மா காலையில் எழுந்ததும் முதலில் குனிந்து அந்தப் பாட்டிலைப் பார்ப்பாள். டாக்டர் தினமும் வந்து, வெளிக்குப் போறதுல கலர் வந்துச்சா என்று ஒரே கேள்விதான் கேட்பார். இல்லை என்போம். ஒருநாள் காலை டாக்டர் வார்டின் அந்தக் கோடியில் இருக்கும்போதே அம்மா கக்கூஸ் பக்கமிருந்து ஓடி வந்து, “வந்துருச்சிங்க, கலர் வந்துருச்சிங்க” என்றாள். எதிர்க்கட்டில்காரர் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டரும் சிரித்தார். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் ஊர் திரும்பியபோது பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மஞ்சள் தோலிலிருந்து போய், கடைசியாகக் கண்ணிலிருந்து போனது. அரிப்பு அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. தீபாவளிக்குத் துணி கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். அப்பாவும் இஞ்ச் டேப்பை எடுத்தார். மாமா தனக்கும் தன் மூன்று பிள்ளைகளுக்கும் துணி எடுத்துக்கொண்டு பொம்மிடியிலிருந்து வந்தார். அங்கே தையல்காரர் இல்லாமலா? சாராயக்காரரும் ஒரு சட்டைத் துணியோடு வந்தார். அம்மா எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். அவர், “எங்கிட்ட யாராவது ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க, இவுரு அந்தப் பக்கமே வந்தது இல்லீங்க” என்றார். கேட்க வேண்டிய ஒரே ஆளை யாரும் கேட்கவில்லை.

என் கல்யாணத்துக்கு ஜாக்கெட்டுகளை அப்பாதான் தைத்தார். கை அளவு எடுக்கும்போது கேட்டேன், அன்றைக்கு மாமா கேட்டபோது ஏன் இல்லை என்று சொல்லவில்லை என்று. அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“எங்கண்ணனுக்கும் அப்பிடித்தான் வெள்ளையாப் போச்சி கண்ணு. அப்புறம் பதினஞ்சி நாளுதான் இருந்தாரு. எனக்குப் பயம். குடின்னு பேசிக்கிட்டு இருந்தா, வேற யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கல்ல.”

அப்பா அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்தார். வயதாகி, தூக்கத்தில் போனார். அம்மா தருமபுரியில் என் வீட்டுக்கு வந்து இருந்தாள். ஒரு தை மாதம் இருவரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷம் கழித்து, நான் கரட்டுப் பக்கம் பார்த்ததை அரைகுறையாகச் சொன்னதால்தானே அவ்வளவும் நடந்தது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை. “நீ என்னா சொன்ன? நீ சொல்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும் அவுரு குடிக்கிலன்னு. பக்கத்துல படுக்கிறவளுக்கு வாசம் தெரியாதா?”

அப்புறம் ஏன் என்றேன்.

“குடின்னா நிறுத்திப்புடலாம்ல. திட்டி, அழுது, அண்ணனக் கூட்டியாந்து, எப்பிடியாச்சும் நிறுத்திப்புடலாம். நோவுன்னா நான் என்னா பண்ணுவன்? அதான் குடின்னே நெனச்சிக்கிட்டேன்.” இன்னொரு காயை உரித்துப் போட்டுவிட்டு, “அவுருகிட்ட ஒரு நா இதச் சொல்லணும்னு இருந்தேன். அவுரும் வீம்புக்குத்தான வாயத் தொறக்கலன்னு வுட்டுட்டேன்” என்றாள்.

அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னதை அவளிடம் அப்போதுதான் சொன்னேன். அம்மாவின் கை நின்றது. உரித்த மொச்சை மடியில் இருந்தது.

“அவுருக்கும் பயந்தானா?” என்று கேட்டாள்.

ஆமாம்மா என்றேன்.